தள்ளுபடி ஆன புத்தகங்களை யாராவது படிச்சிருக்கீங்களா?

"தள்ளுபடி"ன்னு எங்க பார்த்தாலும் நமக்கு ஆடி மாசமும் தி.நகர் கூட்டமும்தான் ஞாபகம் வரும். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பைபிளில் சேராமல் தள்ளி வைக்கப்பட்ட நூல்களைத் "தள்ளுபடி ஆகமங்கள்" என்பார்கள். பெரும்பாலும் தோபித்து, யூதித்து மாதிரியான பழைய ஏற்பாட்டு வரிசை நூல்களைத்தான் அப்படிச் சொல்வது வழக்கம். கத்தோலிக்க பைபிளில் இவை "இணைத் திருமுறை" என்ற பெயரில் உள்ளேயே இருக்கின்றன. ஹாஸ்டலில் ஒரு நண்பன் கையில் இருக்கும் பைபிளில் 73 புத்தகமும், இன்னொருவன் பைபிளில் 66 புத்தகமும் இருப்பதன் காரணம் இதுதான்.

நான் பேச வந்தது இவற்றைப் பற்றி இல்லை. இயேசுவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் எழுதப்பட்டு, புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுக்குள் வராமல் வெளியே நின்றவை இருக்கே, அவற்றைப் பற்றி. தோமா நற்செய்தி, பேதுரு நற்செய்தி, மரியா நற்செய்தி, யூதாஸ் நற்செய்தி, தோமா நடபடிகள், யாக்கோபின் முதல் நற்செய்தி, ஹெர்மாஸின் மேய்ப்பர்... லிஸ்ட் நீளம்.

இந்தப் பெயர்களில் ஒன்றிரண்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கே கேட்டீர்கள் என்றும் என்னால் ஊகிக்க முடியும். சிவப்பு வட்டம் போட்ட தம்ப்நெயில், பின்னணியில் ஒரு மர்ம மியூசிக், "சர்ச் உலகத்திடம் இருந்து மறைத்த ரகசியம்". கி.பி. 325-ல் கான்ஸ்டன்டைன் மன்னர் நைசியாவில் பிஷப்புகளைக் கூட்டினார், ஓட்டெடுப்பு நடத்தினார், பிடித்த நான்கு நற்செய்திகளை வைத்துக்கொண்டு மீதியை எரித்துவிட்டார் என்று கதை போகும். அதுக்குக் கீழேயே இன்னொரு கோஷ்டி நிற்கும். "எல்லாம் போலி, சாத்தான் வேலை, தொடக்கூட வேண்டாம்."

ரெண்டு பேரும் அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்தது மாதிரி எனக்குத் தெரியலை. என் கோபம் அதுதான். இதை ஏதோ தூரத்து நாட்டு வரலாற்றுச் சண்டை என்று விட்டுவிடவும் முடியவில்லை. நம்ம கிளாசில் மூன்று, நான்கு நம்பிக்கைகளைச் சேர்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். "உங்க பைபிளையே ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணாங்க" என்று ஒருத்தன் கேன்டீனில் கேட்கிறான். கேட்கப்பட்டவனுக்குப் பதில் தெரியாது, ஏன்னா அந்தப் பக்கமே போகாதே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தன் படிக்காததைக் கல்லாக எறிகிறான், இன்னொருத்தன் படிக்காததுக்குப் பயப்படுகிறான்.

முதலில் அந்த ஓட்டெடுப்பு விஷயத்தை முடித்துவிடலாம். 325 நைசியா சங்கம் நடந்தது உண்மை. ஆரியுஸ் என்பவரின் போதனை, ஈஸ்டர் தேதி, திருச்சபை நிர்வாகம் ஆகியவைதான் அங்கே பேச்சு. அந்தச் சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் இருக்கின்றன. எந்தப் புத்தகம் பைபிளில் இருக்கணும் என்று அவற்றில் ஒரு வரி கிடையாது. புத்தகங்களைப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தார்கள், போலியானவை தாமாகக் கீழே விழுந்தன என்று ஒரு கதை இருக்கிறது. அது சங்கம் நடந்து 500 வருஷத்துக்கு மேல் கழிந்து எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில் வருவது. அதை வோல்ட்டேர் கிண்டலுக்காக எடுத்துச் சொல்லிப் பிரபலமாக்கினார். அப்புறம் 2003-ல் 'டா வின்சி கோட்' நாவல் நைசியாவுக்குப் புது வேஷம் போட்டது. 2006-ல் படம் வந்தபோது தமிழக அரசு திரையிடத் தடை போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நம்மில் பலர் அப்போது ஸ்கூலுக்குக்கூடப் போயிருக்க மாட்டோம், ஆனால் அந்த வசனங்கள் மட்டும் இன்னும் ஷார்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வேடிக்கை என்னன்னா, நைசியாவில் ஒரு புத்தகத்தை எரிக்கச் சொன்னது நிஜம். 325-ல் இல்லை, 787-ல். அதே ஊரில் கூடிய இரண்டாம் சங்கம், யோவான் நடபடிகள் என்ற நூலை யாரும் நகலெடுக்கக் கூடாது, நெருப்பில் போட வேண்டும் என்றது. அதற்கும் முன்பே, 447-ல், போப் லியோ ஸ்பெயின் பிஷப் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலர் பெயரில் உலவும் இப்படிப்பட்ட நூல்களைக் கொளுத்தச் சொன்னார். ஆகவே "சர்ச் எதையுமே அடக்கவில்லை" என்று சொல்கிறவர்களும் கொஞ்சம் அமைதியாக உட்காரலாம். ஆனால் தேதியைப் பாருங்கள். பட்டியல் ஓரளவு உறைந்து, அதிகாரம் கைக்கு வந்த பிறகு நடந்தவை இவை. 27 நூல்கள் தேர்வானது இப்படி ஒரே நாள் தீர்ப்பால் இல்லை.

பின்னே எப்படி? மெதுவாக, சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக. சுமார் கி.பி. 180-லேயே லியோன் நகரத்து பிஷப் இரேனியுஸ், நற்செய்திகள் நான்குதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வாதாடுகிறார். அதாவது கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு முன்பே. ஆனால் மற்ற நூல்கள் விஷயத்தில் ஊருக்கு ஊர் வேறு கணக்கு. 1740-ல் முரத்தோரி என்ற அறிஞர் வெளியிட்ட ஒரு பழைய பட்டியல் துண்டில் பேதுருவின் திருவெளிப்பாடு உள்ளே இருக்கிறது (சிலர் அதைச் சபையில் வாசிக்க விரும்பவில்லை என்ற குறிப்போடு), எபிரேயர் கடிதம் இல்லை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப் படி, முழுப் புதிய ஏற்பாடும் இருக்கும் மிகப் பழைய பிரதி. அதைப் புரட்டினால் கடைசியில் பர்னபா கடிதமும் ஹெர்மாஸின் மேய்ப்பரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிரியாக் மொழி பைபிளான பெஷித்தாவில் புதிய ஏற்பாட்டுக்கு 22 நூல்கள்தான், திருவெளிப்பாடு அதில் கிடையாது.

நம் கையில் இருக்கும் அதே 27-ஐ, கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் முதல் பட்டியல் 367-ல் வருகிறது. அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ், வருஷா வருஷம் ஈஸ்டர் தேதியை அறிவித்து அனுப்பும் சுற்றறிக்கையில் அதைச் சேர்த்திருந்தார். ஆமாம், சர்க்குலர்! நம்ம டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் இன்டர்னல் தேதிக்குக் கீழே ஒட்டியிருப்பார்களே, அந்த ரகம். அதிலேயே அவர், திதாக்கேயும் மேய்ப்பரும் பட்டியலில் இல்லாவிட்டாலும் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க ஏற்றவை என்றும் சொல்கிறார். உள்ளே, வெளியே என்ற இரண்டு டப்பாவுக்குள் இதை அடக்க முடியாது.

இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த ஆள் செராப்பியோன். சுமார் கி.பி. 200-ஐ ஒட்டி அந்தியோக்கியாவின் பிஷப். பக்கத்தில் ரோசுஸ் என்ற ஊர்ச் சபையில் பேதுரு நற்செய்தியை வாசிக்கலாமா என்று ஒரு சண்டை. இவர் போனார், புத்தகத்தைப் பார்க்காமலே "இதுதான் பிரச்சினைன்னா வாசிச்சுக்கோங்க" என்கிற தோரணையில் அனுமதி கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு வேறு புகார் வந்ததும், அந்த நூலை வைத்திருந்தவர்களிடமே கடன் வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரியாக இருக்கிறது, சில விஷயங்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன என்று எழுதி, கூடுதலானவற்றைத் தனியாகப் பட்டியல் போட்டு அனுப்பினார். 4-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்து வைத்ததால் இது நமக்குத் தெரியும்.

அந்த நூலின் ஒரு பகுதி 1880-களில் எகிப்தின் அக்மீமில், ஒரு துறவியின் கல்லறையில் கிடைத்தது. அதில் இயேசு உயிர்த்தெழும் காட்சி நேரடியாகவே வருகிறது. வானத்தை எட்டும் தலையோடு இருவர், அவர்கள் நடுவே வானத்தையும் தாண்டிய தலையோடு ஒருவர், பின்னாலேயே நடந்து வரும் சிலுவை. வானத்திலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்க, சிலுவை பதில் சொல்லும்! நான்கு நற்செய்திகளும் அந்தக் கணத்தைக் காட்டாமல் காலிக் கல்லறையோடு நிறுத்திக்கொள்வதை இதோடு வைத்துப் பாருங்கள். எது வலுவான எழுத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டையும் படித்தால்தானே அந்தத் தீர்ப்பை நாமே சொல்ல முடியும்?

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன், ஏன்னா இந்தக் கதைக்குச் சென்னையில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பரங்கிமலை மெட்ரோவின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில் இருக்கும் செயின்ட் தாமஸ், இயேசுவின் சீடர் தோமா. சாந்தோம் என்ற பெயரும் அவருடையதே. அவர் இந்தியாவுக்கு வந்தார் என்பதைப் புதிய ஏற்பாட்டில் தேடினால் கிடைக்காது. அதை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய எழுத்து, 3-ஆம் நூற்றாண்டின் தோமா நடபடிகள். ஒரு தள்ளுபடி நூல்!

அதில் கதை இப்படி. சீடர்கள் எருசலேமில் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவருக்கு இஷ்டமே இல்லை. உடம்புக்கு முடியாது, நான் எபிரேயன், இந்தியர்களிடம் போய் எப்படிப் பேசுவேன், வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்கிறார். (பிளேஸ்மென்ட் லொகேஷன் வந்ததும் நம்ம சீனியர்கள் ஹெச்.ஆருக்கு எழுதும் மெயில் ஞாபகம் வரவில்லையா?) அந்த நேரம் குந்தபோரஸ் என்ற இந்திய மன்னனுக்காக ஒரு தச்சனை வாங்க ஹப்பான் என்ற வியாபாரி வந்திருக்கிறான். இயேசுவே அவனிடம் போய், என்னிடம் ஒரு தச்சன் இருக்கிறான் என்று தோமாவை அடிமையாக விற்றுவிடுகிறார், முறையாகக் கிரயப் பத்திரம் எழுதி. வியாபாரி தோமாவிடம், இவர்தான் உன் எஜமானரா என்று கேட்கிறான். ஆமாம், அவர் என் ஆண்டவர் என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்தது சிவில் டிபார்ட்மென்ட்டுக்கான பகுதி. மன்னன் அரண்மனை கட்டச் சொல்கிறான். தோமா ஒரு நாணலை எடுத்து அங்கேயே பிளான் போடுகிறார். வெளிச்சத்துக்காக வாசல் கிழக்கே, காற்றுக்காக ஜன்னல் மேற்கே, ரொட்டி சுடும் இடம் தெற்கே, தண்ணீர்க் குழாய் வடக்கே. குளிர்காலத்தில் ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறார், எல்லாரும் கோடையில்தானே கட்டுவார்கள் என்று மன்னன் ஆச்சரியப்படுகிறான். பணம் வருகிறது. மொத்தப் பணத்தையும் அவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு ஆள் வந்தால், எல்லாம் முடிந்தது, கூரை மட்டும் பாக்கி என்று பதில் அனுப்புகிறார். கூரைக்கும் பணம் வருகிறது. அதுவும் போகிறது. கடைசியில் மன்னன் நேரில் வந்து பார்த்தால் ஒரு செங்கல்கூட இல்லை. அரண்மனை எங்கே என்றால், நீங்கள் செத்த பிறகு பார்ப்பீர்கள் என்கிறார் தோமா. நேரே சிறை. அன்று இரவு மன்னனின் தம்பி காத் இறந்து போகிறான், தேவதூதர்கள் அவனுக்கு மேலே ஒரு அரண்மனையைக் காட்டுகிறார்கள், அது உன் அண்ணனுடையது என்கிறார்கள். அவன் உயிரோடு திரும்பி வந்து, அந்த மாளிகையை எனக்கு விலைக்குக் கொடு என்று அண்ணனிடம் கேட்க, மன்னனுக்கு விஷயம் புரிகிறது.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அந்தக் கேள்வியும் மனசை விட்டுப் போகவில்லை. பணத்தை எங்கே போட்டால் அது கட்டடம் ஆகிறது?

வேறு வரலாற்று நூல் எதிலும் பெயர் இல்லாததால் குந்தபோரஸ் மன்னனே கற்பனை என்று நினைக்க இடம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. கொண்டோபரஸ், 1-ஆம் நூற்றாண்டு இந்தோ-பார்த்திய மன்னன். உடனே "பார்த்தியா, நிரூபணம்!" என்று குதிக்காதீர்கள். மன்னன் இருந்தான் என்பது மட்டும்தான் நிரூபணம். அதுவும் அவன் ஆண்டது வடமேற்கில். தோமா நடபடிகளில் மயிலாப்பூர் என்ற பெயரே வருவதில்லை. அங்கிருந்து நம்ம கடற்கரை வரைக்குமான தொடர்பு வேறு மரபுகளிலிருந்து வருகிறது.

இவ்வளவு நல்ல கதை ஏன் வெளியே நின்றது? புத்தகத்தைப் படித்தால் காரணமும் கிடைக்கிறது. வழியில் ஒரு கல்யாண வீட்டில் புதுமணத் தம்பதியைத் தாம்பத்தியமே வேண்டாம் என்று திருப்பிவிடுவதில் ஆரம்பித்து, கடைசி வரை திருமண உறவைத் துறப்பதுதான் இந்த நூலின் பெரிய போதனை. தோமா கொல்லப்படுவதே, பெரிய மனிதர்களின் மனைவிகள் கணவர்களை விட்டு விலகியதால்தான். குடும்பஸ்தர்கள் நிறைந்த ஒரு சபை இதைப் பொது வேதமாக வைத்துக்கொள்ளத் தயங்கியதில் சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே நிறுத்தப்பட்டாலும் இந்த நூல்கள் உள்ளே வராமலும் இல்லை. மரியாளின் பெற்றோர் பெயர் சுவக்கீன், அன்னாள். ஜூலை 26-ல் அவர்களுக்குத் திருவிழா. நான்கு நற்செய்திகளிலும் அந்தப் பெயர்கள் கிடையாது. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தியிலிருந்து வந்தவை அவை. அந்த நூலுக்கு இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. மறைத்து வைத்த லட்சணமா இது? கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் கழுதையும் வைக்கிறோமே, லூக்காவிலும் மத்தேயுவிலும் அவற்றைத் தேடிப் பாருங்கள். போலி மத்தேயு என்ற பிற்கால லத்தீன் நூல்தான் அவற்றைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. குழந்தை இயேசு களிமண்ணில் குருவி செய்து பறக்கவிட்ட கதை, தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தியில் இருக்கிறது. களிமண் பறவைக்கு உயிர் கொடுத்த அந்த அற்புதத்தைக் குர்ஆனும் இரண்டு இடங்களில் சொல்கிறது. அதே நூலில், யோசேப்பு கட்டிலுக்கு அறுத்த பலகை ஒன்று அளவில் குறைந்து போக, சிறுவன் இயேசு அதை இழுத்து நீளமாக்கித் தருகிறார். வொர்க்‌ஷாப் லேபில் இந்த வசதி நமக்கு இல்லை.

ஆனால் அந்தச் சிறுவன் தன் மேல் மோதிய பையனைச் சாபமிட்டுச் சாகடிக்கிறான் என்பதும் அங்கேயே இருக்கிறது. "மறைக்கப்பட்ட நற்செய்திகளில்தான் உண்மையான, அன்பான, புரட்சிகரமான இயேசு" என்று வீடியோ போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஒரு ஜாடிக்குள் கிடைத்த தோமா நற்செய்தியைப் பெண்களுக்கான நற்செய்தி என்பார்கள். அதில் இருக்கும் 114 மொழிகளில் கடைசியில், மரியாள் போய்விடட்டும் என்று பேதுரு சொல்ல, அவளை ஆணாக்குவேன் என்கிறார் இயேசு. இதைப் பெண்ணுரிமை என்று விற்க ரொம்பத் தைரியம் வேணும். மறுபக்கத்துக்கும் ஒரு சங்கடம் இருக்கு. தள்ளப்பட்டவற்றைத் தொடவே கூடாது என்றால், புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கும் யூதா கடிதம் ஏனோக்கு நூலை மேற்கோள் காட்டுகிறதே, அதை என்ன செய்வது? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை ஏனோக்கைத் தன் பைபிளிலேயே வைத்திருக்கிறது.

பல நூல்கள் காணாமல் போனதற்கு நெருப்பைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. பப்பைரஸ் அழியும், யாராவது மறுபடி மறுபடி நகலெடுத்தால்தான் நூல் பிழைக்கும். சபையில் வாசிக்காத நூலை நகலெடுக்க யாரும் பணமும் நேரமும் போட மாட்டார்கள். மெயின்டெய்ன் பண்ண ஆள் இல்லாத ரெப்போ மாதிரி. யாரும் டெலீட் பண்ணலை, ஆனாலும் ஒரு நாள் ஓடாது. திதாக்கே அப்படிக் காணாமல் போய், 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் 1056-ஆம் வருஷத்துப் பிரதி ஒன்றில் கிடைத்தது. தொடங்குவதென்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். 16 சின்ன அத்தியாயம், ஒரு டீ பிரேக்கில் முடிந்துவிடும், ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஊர் ஊராக வரும் போதகர் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி, பணம் கேட்டாலும் போலி என்று அதில் ஒரு விதி இருக்கிறது. சபையில் வாசிக்க இதைவிட உபயோகமான பகுதி இருக்க முடியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முடித்தபின் மரியா நற்செய்திக்குப் போங்கள். 1896-ல் கெய்ரோவில் விலைக்கு வந்த ஒரு காப்டிக் சுவடியில் இருந்தது, அச்சில் வர 1955 ஆனது. மீட்பர் மரியாளுக்குத் தனியாகச் சொன்னதை அவள் சீடர்களிடம் சொல்கிறாள், ஒரு பெண்ணிடம் போய் இதைச் சொல்லியிருப்பாரா என்று பேதுரு கோபப்படுகிறார், அவள் அழுகிறாள், லேவி எழுந்து அவளுக்காகப் பேசுகிறார். அந்தச் சுவடியில் மொத்தம் 19 பக்கம். முதல் ஆறு பக்கம் இல்லை. அவள் கண்ட காட்சியைச் சொல்ல ஆரம்பிக்கிற இடத்தில் நாலு பக்கம் இல்லை. மிச்சம் ஒன்பது.